மோப்பம்

மேசையின் ஓரத்தில் இருந்த பேட்ஜ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அது எரிவதற்கு அந்த அறையில் ஒரு காரணமும் இல்லை.

சாயங்காலம். மழை பிடித்து இரண்டு நாளாகியிருந்தது. அடையாற்றின் பெரிய மரங்களிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜன்னல் தகரத்தில் விழும் சத்தமும், இன்குபேட்டர் விடாமல் முனகும் சத்தமும், கீழே கேன்டீனில் டம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தமும் தவிர மூன்றாவது மாடி முழுக்க ஓசையில்லாமல் இருந்தது. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சூடாமணி கதவைப் பிடித்தபடியே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மேசை துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனைகூட வரவில்லை. தட்டில் வரிசையாக இருந்த மற்ற பேட்ஜுகள் கண்ணாடி மூடிக்குள் கறுப்பாகக் கிடந்தன. கதவுக்குப் பக்கத்தில் இருந்த அது மட்டும், கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தது போல, அசையாமல் எரிந்தது.

யாரையாவது கூப்பிடலாம் என்று வராந்தாவுக்கு வந்தாள். கதவின் சதுரக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டே போய் அணைந்தது. மறுபடி உள்ளே போனாள். எரிந்தது. காற்றாக இருக்கும், வராந்தாவிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு வெளியே போய்க் காத்திருந்தாள். அணைந்தது. செருப்பைக் கழற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓரடி வைத்தாள். எரிந்தது. பக்கத்துப் பேட்ஜும் சேர்ந்து எரிந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. தட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, தனக்கும் டீ வேண்டும் என்பது போலப் படியிறங்கிப் போனாள்.

பேட்ஜுக்குள் இருந்தவை உயிருள்ள செல்கள். மனித மூக்கின் உள்தோலிலிருந்து எடுத்து வளர்த்தவை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு, அந்தச் சவ்வு முழுக்க ஏற்பிகள். நாம் எதை முகர்ந்தாலும் அது முதலில் வந்து ஒட்டுவது அங்கேதான். சாக்கடை வாயுவை மட்டும் பிடிக்கும்படி இந்தச் செல்களின் ஏற்பிகளை மாற்றியிருந்தார்கள். வாயு வந்து ஒட்டினால் செல் துடிக்கும், அடியில் இருக்கும் சிப் விளக்கை எரிய வைக்கும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர் நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டியது இது. ஆள் இறங்கக் கூடாது என்பது சட்டம்; இறங்கிக்கொண்டிருப்பது நடப்பு. அந்த வாயு அளவு மிஞ்சினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டதே என்று ஆள் நிம்மதியாக இன்னும் ஒரு படி இறங்குவார். பிறகு ஏறி வருவதில்லை.

அந்த மூக்கு சூடாமணியுடையது. கம்பெனி தொடங்கிய வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வராமல் போக, அவளே டாக்டரிடம் போய் உட்கார்ந்து மூக்குக்குள்ளிருந்து ஒரு துணுக்கு எடுத்துக்கொடுத்தாள். "நம்ம கம்பெனியே உன் மூக்குலதான் நிக்குது சூடாமணி" என்று முதலாளியம்மா கமர் ஜஹான் அப்போது சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் ஓட்டினாள். பொங்கலன்றும் தீபாவளியன்றும் வந்து செல்களுக்குச் சத்துநீர் மாற்றினாள். அதற்கு லேபில் 'சோறு போடுவது' என்று பெயர். ஆனால் தட்டை விட்டு வெளியே எடுத்தால் ஒரு வாரத்தில் செத்துப்போகும். அதற்குமேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு தமிழ்நிலா வந்தாள். நந்தனம் ஹவுசிங் போர்டில் வளர்ந்த பெண், முப்பதுகூட ஆகவில்லை. வந்த ஆறு மாதத்தில் ஒரு பசை செய்தாள். அதில் வைத்தால் அதே செல்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன. பேப்பரில் படம் வந்தது. நிலாவின் சித்தப்பா ஒரு தொட்டிக்குள் செத்துப்போனவர் என்பதையும் சேர்த்துப் பெரிதாகப் போட்டார்கள். இப்போது எல்லோரும் அதை 'நிலா பேட்ஜ்' என்றார்கள். மூக்கு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

சூடாமணிக்கு வயிறு எரிந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கமர் ஜஹான் "நிலா" என்று கூப்பிடும் குரலைக் கேட்டால் எரிந்தது. அந்தப் பெண் தலையைச் சாய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைப் பார்த்தால் எரிந்தது. செத்துப்போன சித்தப்பாகூடத் தனக்கு இல்லையே என்று ஒரு நாள் நினைத்தாள். அந்த அளவுக்குப் போயிருந்தது. நிலா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மூன்றாவது மாடிக்குப் பூவும் சென்ட்டும் ஆகாது, செல்கள் குழம்பிவிடும் என்று வாசலில் வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலே ஆணிகள் அடித்திருந்தார்கள்; பெண்கள் காலையில் பூவை எடுத்து அவரவர் ஆணியில் மாட்டிவிட்டு, போகும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். நிலா தினமும் இரண்டு முழம் வாங்கி, ஒரு முழத்தைச் சூடாமணியின் ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள்.

போன மாதம் நிலாவின் தங்கைக்குக் கல்யாணம். மறுவீடு, விருந்து என்று பத்துப் பன்னிரண்டு நாள் லீவு.

"அக்கா, நம்ம புள்ளைங்களுக்கு நீங்கதான் சோறு போடணும்" என்றாள் நிலா. "உங்க மூக்கு, உங்க கை. என்னைவிட உங்ககிட்ட நல்லாவே இருக்கும்."

"போய்ட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் சூடாமணி.

பார்த்துக்கொண்டாள். மூக்கு எதற்கும் பழகிவிடும். கூவம் ஓரத்தில் குடியிருப்பவருக்குக் கூவம் நாறாது. செல்லும் அப்படித்தான். ஒரே நச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தால் ஏற்பிகளைச் சவ்வுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அவள் ஒவ்வொரு முறை சோறு போட்ட பிறகும், அந்த வாயு கரைந்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டாள். வேறொன்றும் வேண்டாம், பணம் போடுகிறவர்கள் முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் வாயுவைத் திறந்து காட்டும் நாளில் விளக்கு எரியக் கூடாது. நிலாவின் முகம் தொங்க வேண்டும். பெட்டிக்குள் ஆளா இருக்கப் போகிறான், யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தாள். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவன் கதையும் அப்போது ஞாபகம் வந்தது. சிரிப்புக்கூட வந்தது.

இப்போது, கேன்டீனில், ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தான் எங்கே தவறினாள் என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. தட்டைத் திறக்க அவள் குனிவாள். முகக்கவசம் உண்டு, கையுறை உண்டு. ஆனால் தன்னுடைய மூக்கிலிருந்து தன்னை மறைக்க எந்தத் துணி இருக்கிறது? முதலில் அவள் வாசனை செல்களுக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு விஷம். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. செல்கள் விஷத்துக்குப் பழகிக்கொண்டிருந்த அதே நாட்களில், விஷம் யாரோடு வருகிறது என்றும் தெரிந்துகொண்டிருக்கின்றன. செல்லுக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று அவள் படித்த படிப்பு சொன்னது. டீயை முகர்ந்து பார்த்தாள். ஏலக்காய் போட்ட டீ. வெறும் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

போகும்போது ஆணியிலிருந்து மல்லிகையை எடுத்து மூக்கருகே வைத்தாள். ஈர நூலின் குளிர்ச்சி. அவ்வளவுதான்.

மந்தைவெளி வீட்டில் அன்றைக்கு ரசம் வைத்தாள். பூண்டைத் தட்டிப் போட்டபோதும், பெருங்காயம் கரைத்தபோதும், கறிவேப்பிலை எண்ணெயில் வெடித்தபோதும், சத்தம் கேட்டது, ஆவி முகத்தில் அடித்தது, வாசனை மட்டும் யாரோ துடைத்து எடுத்துவிட்டது போல இல்லை. அவள் கணவன் ரகுபதி தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் மேலாளர். நனைந்த குடையை விரித்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாயோடு நிறுத்தினார்.

"மணி, சிங்க்ல எதாவது அடைச்சிருக்கா? முட்டை அழுகின மாதிரி வருது."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

அவர் எழுந்து போய் சிங்க்கைப் பார்த்தார். குளியலறையில் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். குப்பைக் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்தார். முகர்ந்துகொண்டே ஒவ்வொரு மூலையாகக் கழித்துக்கொண்டு வந்தவர், அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் அவள் பிடரியில் கேட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டார், சாரல் அடித்தும்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தில் நிற்கப் போனாள். காலியான இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். அடையாறு வரைக்கும் அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சூடாமணி வாசனையில்லாத சோப்பால் கை தோல் சிவக்கும்வரை தேய்த்துக் குளித்திருந்தாள்.

லேபில் அவள் ஒரு காரியம் செய்தாள். எல்லோரும் மீட்டிங்கில் இருந்தபோது ஒரு பேட்ஜைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் கையில் அது நீலமாக எரிந்தது. பெட்டியை மூடி, வாயுவைத் திறந்துவிட்டு, வராந்தாவுக்கு ஓடி வந்து கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெட்டிக்குள் ஒரு ஆளை நின்ற இடத்தில் சாய்க்கும் அளவுக்கு வாயு நிறைந்துகொண்டிருந்தது. பேட்ஜ் மங்கியது. அணைந்தது. இருட்டாகவே கிடந்தது.

அவள் கணக்கு பலித்துவிட்டது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். அதுதான் உண்மை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மதியம் கமர் ஜஹான் எல்லோரையும் கூப்பிட்டார். "பணம் போடறவங்களுக்குக் காட்ட கண்ணாடிப் பெட்டி எல்லாம் வேணாம். என் சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்ச லாட்ஜ் ஒண்ணு ராயப்பேட்டையில இருக்கு, பழைய தொட்டி. நாளைக்கு க்ளீன் பண்றாங்க. கயித்துல கட்டி பேட்ஜை எறக்கிப் பாக்கலாம். கயிறு மட்டும்தான், ஆள் கெடையாது. நிலா, நீதான் முன்ன நிக்கணும்."

கயிறு மட்டும்தான். சூடாமணி அதைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று எழுந்த வாய், நிலா வெட்கத்தோடு சிரிப்பதைப் பார்த்து மூடிக்கொண்டது. கயிற்றில் இறங்கும் பேட்ஜ் பொய் சொன்னால் பேட்ஜுக்குத்தான் கெட்ட பெயர். நாளைக்குச் சாயங்காலம் இவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்க்கலாம்.

ராயப்பேட்டை லாட்ஜின் பின்கட்டு குறுகலாக இருந்தது. மூன்று பக்கமும் பாசி படிந்த சுவர், மேலே கொடியில் காயும் போர்வைகள், நடுவே சிமெண்ட் மூடி நகர்த்திய சதுர ஓட்டை. வானம் மூடியிருந்தாலும் பகல் வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. சூடாமணி வாசலோரம், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு அப்பால் நின்றுகொண்டாள். பக்கத்தில் போனால் எரியும். தலைவலி என்று சொல்லியிருந்தாள். ஓட்டையிலிருந்து புகை மாதிரி கொசு எழும்புவது தெரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அது மொட்டைமாடிக் காற்று போல இருந்தது.

பொன்னுரங்கம் என்ற தொழிலாளி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காண்ட்ராக்டர் போன் பேசிக்கொண்டிருந்தார்.

நிலா பேட்ஜைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இருட்டு.

"எரியல மேடம்" என்றாள் நிலா. "ஆபத்தான அளவுக்கு வாயு இல்ல."

"மெஷின் மீட்டரும் வரட்டும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்" என்றார் கமர் ஜஹான். வாயுவை அளக்கும் அந்த மீட்டரைக் கொண்டுவரும் வண்டி அண்ணா சாலை நெரிசலில் நின்றிருந்தது.

காண்ட்ராக்டர் போனை வைத்தார். "அதான் எரியலன்றாங்களே. மழை வருது. எறங்குய்யா."

பொன்னுரங்கம் எழுந்தார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். நிலாவிடம் கை நீட்டினார்.

"அத்த இப்டி குடும்மா. எரிஞ்சா ஏறி வந்துரணும். எரியலன்னா வேலைய பாத்துக்கினு இருக்கலாம். அதானே மேட்டரு?"

நிலா தயங்கினாள். கமர் ஜஹானைப் பார்த்தாள்; அவர் வீடியோ எடுக்கப் போனை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பிறகு பேட்ஜைப் பார்த்தாள். அவள் செய்தது அது. சித்தப்பாவுக்காகச் செய்தது. அதை நம்பாமல் எதை நம்புவாள்.

"அதான் நைனா" என்றாள். "எரிஞ்சா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க." அவளே அவர் பனியனில் குத்திவிட்டாள்.

சூடாமணி தூரத்தைக் கண்ணால் அளந்தாள். பத்தடி. பத்தடி நடந்தால் போதும். பேட்ஜ் எரியும். அவர் இறங்க மாட்டார். யாரும் எதுவும் கேட்கக்கூட மாட்டார்கள், வாயு என்றுதான் நினைப்பார்கள். கால் எடுத்தாள்.

நிலா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நம்ம புள்ளைங்க" என்றாள்.

ஜெயிக்கப் போகிறாள். இப்போது போய் நின்றால் விளக்கு எரியும், பேட்ஜ் வேலை செய்கிறது என்று கை தட்டுவார்கள். நிலா பேட்ஜ் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று நாளைக்குப் பேப்பரில் வரும். படத்தோடு.

எடுத்த கால் நின்றது.

பொன்னுரங்கத்தின் தலை ஓட்டைக்குள் இறங்கியது.

ஒரு படி. இன்னொரு படி. கயிறு நழுவும் சத்தம். தண்ணீர் கலங்கும் சத்தம். "ஒண்ணியும் நாறலம்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது அதில்.

போ. இப்போதாவது போ.

கமர் ஜஹான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நிலா மண்டியிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் போர்வை சொட்டியது.

கயிறு தொய்ந்தது.

"நைனா?"

பதில் இல்லை.

"நைனா, குரல் குடுங்க."

பிறகு எல்லோரும் கத்தினார்கள். காண்ட்ராக்டர் இழுத்தார். லாட்ஜ் ஆட்கள் ஓடி வந்து இழுத்தார்கள். கறுப்புத் தண்ணீர் வழிய வழிய அவரைத் தூக்கி சிமெண்ட் தரையில் போட்டார்கள். பேட்ஜ் நெஞ்சில் இருந்தது. அணைந்தே இருந்தது.

"எரியவே இல்லக்கா" என்று நிலா அழுதாள். "அக்கா, வாங்க. உங்களுக்கு முதலுதவி தெரியுமே. வாங்கக்கா."

எல்லோரும் சூடாமணியைப் பார்த்தார்கள். அவள் நடந்தாள். பைக்கைத் தாண்டினாள். பேட்ஜின் நடுவில் ஒரு நீலப் புள்ளி தோன்றியது. இன்னும் இரண்டடி. புள்ளி வட்டமானது.

"கேஸ்" என்று காண்ட்ராக்டர் அலறினார். "எரியுது பாரு. கேஸ் மேல வருது. தள்ளு, தள்ளு."

கால்கள் சிதறின. கமர் ஜஹான் நிலாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு நொடியில் பின்கட்டு காலியாகிவிட்டது. அவரைத் தொட்டு நெஞ்சை அழுத்த வேண்டியவர்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள்.

சூடாமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. அழுத்தினாள். அழுத்தினாள். உதட்டில் நுரை. கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றுமில்லை.

கைகளுக்கு நடுவே நீலம் கண்ணைக் கூச வைத்தது.

நிமிர்ந்தாள். வாசலில் நிலா நின்றிருந்தாள். அழுகை நின்றிருந்தது. அவள் பார்வை பேட்ஜில் இருந்தது. சூடாமணி பின்னால் சாய்ந்தாள். வெளிச்சம் குறைந்தது. நிலா சூடாமணியைப் பார்த்தாள். மறுபடி பேட்ஜைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ பின்னால போங்க."

சூடாமணி போகவில்லை. போக முடியவில்லை. கீழே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். ஈரமான சத்தம். யாரோ காற்றை உறிஞ்சுவது போல.

குனிந்து பார்த்தாள்.

கண்கள் மூடியிருந்தன. மார்பு அசையவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது. சுருங்கியது. மறுபடி விடைத்தது.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள்.

சேறு படிந்த அந்த முகம், நீல வெளிச்சத்தில், மோந்துகொண்டே, மெல்ல இடப்பக்கம் திரும்பியது.